பழைய வண்டிக்கு வந்த முதலிடம்

சரக்கு வாகன உரிமையாளர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். பிக்கப் வண்டியில் மைலேஜ் கூட்டப் பத்து எளிய வழிகள். கேட்க வந்த இருவரும் நல்ல பிள்ளைகள்தான். "பெருசா வேணாம் ஐயா, ஒரு பக்கம் போதும். மிச்சத்துக்குப் படம் போட்டுருவோம்" என்றார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் வண்டிகளோடு மாரடித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? பத்து வழியெல்லாம் கிடையாது. இருக்கிற மூன்று நான்கையும் நீங்கள் யாரும் செய்யப் போவதில்லை. இருந்தாலும் எழுதித் தருகிறேன் என்றேன். எழுதியது இதுதான். பக்கம் கூடிவிட்டால் படத்தை எடுத்துவிடுங்கள்.

முதலில் எதையெல்லாம் எழுத மாட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். டீசல் குழாயில் கட்டுவதற்குக் காந்தம் ஒன்று விற்கிறார்கள். கட்டியவுடன் டீசலின் மூலக்கூறுகள் வரிசையில் நின்று எரியுமாம். எங்கள் காரைக்குடி செக்காலையில் பஸ் ஏறும் மனிதர்களே வரிசையில் நிற்பதில்லை. அடுத்தது டேங்கில் ஊற்றுகிற பாட்டில் மருந்து. அதை ஊற்றிய பிறகு வண்டி பறக்கிறது என்று என்னிடம் சொன்னவரின் வண்டியை அடுத்த வாரம் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். இன்னொருவர் செல்போனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு டயரில் காற்றைக் கல் மாதிரி அடித்தார். மைலேஜ் கொஞ்சம் கூடத்தான் செய்தது. ஏற்றியிருந்த டைல்ஸில் பாதி, சேருமிடத்துக்குத் துண்டாகப் போய்ச் சேர்ந்தது. இறக்கம் வந்தால் நியூட்ரலில் விடு என்று ஒரு ஞானி போதிக்கிறான். இந்தக் காரைக்குடியில் இறக்கம் எங்கே இருக்கிறது, அதைச் சொல்லிவிட்டு அவன் போதிக்கட்டும்.

நான் ஆசாரி வீட்டுப் பிள்ளை. அப்பா மரத்தை அளந்தார், நான் டீசலை அளந்தேன். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு மதுரையில் ஒரு பணிமனையில் சில வருஷம் இருந்தேன். கிரீஸும் வசவும் தவிர அங்கே சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. பிறகு செக்காலையில் கட்டுமானப் பொருள்கள் விற்கிற ஒரு நிறுவனத்துக்கு வண்டிப் பொறுப்பாளராக வந்தேன். சிமெண்ட், பெயிண்ட், எல்லாவற்றுக்கும் மேல், கையால் வார்க்கிற ஆத்தங்குடி சிமெண்ட் டைல்ஸ். கடைசி வருஷங்களில் எங்களிடம் மூன்று பிக்கப் வண்டிகள் இருந்தன. இரண்டு புதியவை, ஒன்று பழையது.

முதலாளியை நாங்கள் பெரியவர் என்போம். அவர் யாரையும் கேள்வி கேட்கமாட்டார். எண்ணைச் சொல்வார். "பதினொண்ணு புள்ளி நாலு" என்பார். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று அர்த்தம். சொல்லிவிட்டு மேசை மேலிருக்கும் பெயிண்ட் நிற அட்டையை எடுத்து விரித்து, வெள்ளையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு நிறமாகப் பார்த்துக்கொண்டே போவார். நாம் வாய் திறக்கிற வரை தலையைத் தூக்கமாட்டார். அவர் மஞ்சளுக்கு வருவதற்குள் ஓட்டுநர் தாமாகவே எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுவார்: வண்டியை ஓடவிட்டுக்கொண்டு எந்தக் கடையில் டீ குடித்தார், எந்த முட்டுச்சந்தில் வழி தவறிப் போனார், யாருடைய மாமியாரைப் போகிற வழியில் இறக்கிவிட்டார். நான் நீலம் வரை தாக்குப்பிடித்திருக்கிறேன். அந்த அட்டையில் எத்தனை நிறம் என்று எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். சத்தம் போடுகிற முதலாளியிடம் பதிலுக்குச் சத்தம் போடலாம். அட்டையைப் பார்க்கிறவரிடம் என்ன செய்வது?

மைலேஜைக் கூட்டுவதற்கு முன்னால் அதை அளக்கத் தெரிய வேண்டும். அளக்கத் தெரியாமலேதான் எல்லோரும் கூட்டக் கிளம்புகிறார்கள். டாஷ்போர்டில் வருகிற எண்ணை நம்பாதீர்கள், அது உங்களைச் சந்தோஷமாக வைத்திருப்பதற்காக வைத்தது. டேங்கை நிரப்புங்கள், ஓட்டுங்கள், மறுபடி நிரப்புங்கள். இரண்டு தடவையும் ஒரே பங்க், ஒரே குழாய், வண்டி ஒரே இடத்தில் சமமாக நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் டேங்க் நிறையாமலே நிறைந்த மாதிரி காட்டும். டீசல் நுரைக்கும். நுரை பட்டதும் குழாய் டக்கென்று நின்றுவிடும், பங்க் பையன் உடனே மூடியைத் தேடுவான். அவன் கையைப் பிடியுங்கள். நுரை அடங்கட்டும். கழுத்து வரை டீசல் கண்ணுக்குத் தெரிகிற வரை மெதுவாக ஊற்றச் சொல்லுங்கள். பின்னால் நிற்கிறவன் ஹார்ன் அடிப்பான். அடிக்கட்டும். என் பின்னால் அடிக்காத ஆள் இந்த ஊரில் கிடையாது.

மற்றதெல்லாம் குழந்தைக்கும் தெரிந்ததுதான். காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைப் பாருங்கள். நம் செம்மண் தூசிக்கு ஏர் ஃபில்டர், கம்பெனிப் புத்தகத்தில் போட்டிருக்கிற காலம் வரைக்கும் தாங்காது. கேபினில் இருக்கிற பழைய சாமான்களை இறக்குங்கள். ஒரு தடவை ஒரு வண்டியின் சீட்டுக்குப் பின்னாலிருந்து ஆட்டுக்கல் குழவி ஒன்றை எடுத்தேன், யாருடையது என்று கடைசி வரை தெரியவில்லை. வேகத்தடைக்கு முன்னால் கடைசி நொடியில் பிரேக் போடுகிறவர் டீசலைப் பிரேக் கட்டையில் எரிக்கிறார். இங்கிருந்து திருப்பத்தூருக்கு எத்தனை வேகத்தடை என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன், எண்ணிப் பாருங்கள். எண்ணுகிறவன் முன்கூட்டியே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பான். அவ்வளவுதான் ரகசியம்.

இனி ஒரு வண்டியின் கதைக்கு வருகிறேன்.

பெரியவரின் மகன் வெளியூரில் நிர்வாகப் படிப்பு முடித்துவிட்டு வந்து சேர்ந்தார். நாங்கள் சின்னவர் என்போம். கெட்ட பிள்ளையில்லை. ஆனால் எதையும் போனில் பார்த்தால்தான் அது இருக்கிறது என்று நம்புவார். ஓட்டுநர்கள் டீசல் போட்டதும் லிட்டரையும் கிலோமீட்டரையும் போனில் அனுப்ப வேண்டும், மாத முடிவில் மூன்று வண்டியையும் நிரப்ப வேண்டும், மைலேஜ் போனிலேயே ஒரு பலகையில் வரிசைப்படி வரும். அதுவரைக்கும் சரிதான். அதற்கு மேல் ஒரு விதி போட்டார். தொடர்ந்து இரண்டு மாதம் கடைசியில் வருகிற ஓட்டுநர் வண்டியை விட்டு இறங்கிக் கிடங்குக்குப் போக வேண்டும், மூட்டை தூக்க.

"தம்பி, பழைய வண்டியும் புது வண்டியும் ஒண்ணா? ஒவ்வொரு வண்டியையும் அதோட போன மாசத்தோட ஒப்பிட்டுப் பாருங்க. பக்கத்து வண்டியோட ஒப்பிட்டா ஒண்ணும் விளங்காது" என்றேன்.

"காம்பெடிஷன் இருந்தாத்தான் சார் இம்ப்ரூவ்மெண்ட் வரும்" என்றார்.

பெரியவர் நிற அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய வண்டியை ஓட்டியவர் சவரிமுத்து. ஐம்பதைத் தாண்டியவர். ஊர் திருப்பத்தூர் சாலையில், கொஞ்சம் நிலம் உண்டு, தம்பியோடு பொதுவில் ஒரு பழைய டிராக்டர். சில வருஷங்களுக்கு முன் சரக்கு இறக்கும்போது விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்து, கோணலாகக் கூடியிருந்தது. ஸ்டியரிங் பிடிக்கலாம். சிமெண்ட் மூட்டையைத் தோளில் வாங்க முடியாது. கிடங்குக்குப் போ என்பது அவருக்கு மட்டும் வீட்டுக்குப் போ என்பதுதான். அந்த விதியைப் படித்துக் காட்டியபோது அவர் தோளைத் தடவிக்கொண்டதை நான் பார்த்தேன். சின்னவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் மாதம் பழைய வண்டி கடைசி. அதுவும் சாதாரணக் கடைசியில்லை, பத்தே சொச்சம். எப்போதும் பன்னிரண்டை ஒட்டித் தருகிற வண்டி. சவரிமுத்து சின்னவரிடம் போய், "பின்னாடி சக்கரம் பிடிக்கிற மாதிரி இருக்கு தம்பி" என்று சொல்லியிருக்கிறார். சின்னவர் போனில் தேடி, சர்வீஸ் முடிந்து எல்லாம் சரி என்று வந்த குறிப்பைக் காட்டியிருக்கிறார். குறிப்பில் பச்சை டிக் இருந்ததாம். பச்சை டிக் இருந்தால் சக்கரம் எப்படிப் பிடிக்கும்? நான் அந்த வாரம் கண் அறுவைச் சிகிச்சைக்காக லீவில் இருந்தேன், இல்லையென்றால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

இரண்டாம் மாதம் பழைய வண்டி முதலிடம். பன்னிரண்டு புள்ளி ஆறு.

அதற்கடுத்த மாதமும் முதலிடம். சின்னவர் சவரிமுத்துவின் படத்துக்குக் கிரீடம் வைத்து எல்லோருக்கும் அனுப்பினார். மற்ற இரண்டு ஓட்டுநர்கள் கருப்பையாவும் சையதும். கருப்பையாவுக்கு வாய் சும்மா இருக்காது.

"சவரி அண்ணே, கோயில்ல இருந்து தீர்த்தம் கொண்டாந்து டேங்குல தெளிச்சீகளா? எங்களுக்கும் ரெண்டு சொட்டு ஊத்துங்கண்ணே!"

"போடா, போய் வண்டியத் தொடை" என்று சொல்லிவிட்டுச் சவரிமுத்து நகர்ந்துவிட்டார். சிரிக்கவில்லை. கிரீடம் வைத்த மனிதர் சிரிக்காதது எனக்கு அப்போதே உறுத்தியது.

சின்னவர் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "சார், லாஜிக்கலாப் பாருங்க. ஓட்டை வண்டியே பன்னிரண்டரைக்கு மேல தருது. புது வண்டி ரெண்டும் பன்னிரண்டு சொச்சம்தான். அப்ப என்ன அர்த்தம்? கருப்பையாவும் சையதும் டீசல் எடுக்குறாங்க. நீங்கதான் பிடிச்சுக் குடுக்கணும்."

பன்னிரண்டு சொச்சம்தான் அந்த வண்டிகளின் உண்மையான மைலேஜ் என்றேன். அதிசயம் அவற்றில் இல்லை, பழைய வண்டியில் இருக்கிறது என்றேன். அவருக்குக் காதில் ஏறவில்லை. மைலேஜ் குறைந்தால் சந்தேகப்படுவார்கள். கூடினால் யாரும் சந்தேகப்படுவதில்லை, மாலை போடுவார்கள்.

ஒவ்வொரு வண்டியிலும் நானே ஏறி உட்கார்ந்து அளப்பது என்று முடிவு செய்தேன். காலையில் நிரப்பி, ஆத்தங்குடியில் டைல்ஸ் ஏற்றி, திருப்பத்தூரில் இறக்கி, காலி வண்டியாகத் திரும்பி, மறுபடி நிரப்புவது. கருப்பையாவோடு போனேன், பன்னிரண்டு புள்ளி இரண்டு. வழி முழுக்க அவன் என்னிடம், "ஐயா, நீங்க ஏறுனதால ஒரு மூட்டை வெயிட்டு கூடிருச்சு, அதைக் கழிச்சுக்கங்க" என்று கேலி பேசிக்கொண்டே வந்தான். சையதோடு போனேன், பன்னிரண்டு புள்ளி மூன்று. அவர் பேசவே இல்லை. ஒரு சொட்டு யாரும் எடுக்கவில்லை.

மூன்றாவது, பழைய வண்டி. ஆத்தங்குடிப் பட்டறையில் வண்டியை ஏற்றுமேடைக்குப் பின்பக்கமாகக் கொண்டுபோய் நிறுத்தினோம். மேடை சரிவில் இருப்பதால், ஏற்றி முடிகிற வரை ஹேண்ட்பிரேக்கைக் கடைசிப் பல் வரை இழுத்து வைத்திருக்க வேண்டும். டைல்ஸை வார்த்த பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, எடுத்து, நிழலில் நன்றாகக் காயவைத்து ஏற்றுவதுதான் முறை. அன்றைக்கு ஆட்கள் தொட்டியிலிருந்து எடுத்து, எடுத்த கையோடு வண்டியில் அடுக்கினார்கள். சாம்பல் நிறத் தண்ணீர் பலகை இடுக்கு வழியாகப் பின்சக்கரத்தில் சொட்டிக்கொண்டே இருந்தது.

"என்னய்யா இது, காயாமயே ஏத்துறீங்க?" என்று மேஸ்திரியைக் கேட்டேன்.

"உங்க சின்னவருதான் அன்னைக்கே டெலிவரி வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாக. அதுக்குன்னு உங்க கம்பெனிக்கு மட்டும் தனியா சூரியனையா வரவழைக்க முடியும்?" என்றார். "மத்த ரெண்டு வண்டி பத்து மணிக்கு மேல வருது, கொஞ்சம் காஞ்சிருக்கும். உங்க பழைய வண்டி விடிஞ்சதும் வந்துருதே!"

கிளம்பினோம். வண்டி இழுக்கிற விதத்திலேயே தெரிந்தது. காலை எடுத்தால் ஒரு பிக்கப் வண்டி கொஞ்ச தூரம் தானாக உருளும். இது யாரோ பின்னால் சட்டையைப் பிடித்த மாதிரி நின்றது. திருப்பத்தூரில் இறக்கிவிட்டு நான்கு சக்கரத்தையும் புறங்கையால் தொட்டுக்கொண்டே வந்தேன். மூன்று வெதுவெதுப்பு. பின்னால் இடது பக்கம் கையை வைக்க முடியவில்லை. குடிக்கக் கொண்டுபோன தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றினேன். சுர்ரென்று ஆவி வந்தது.

பிரேக் இப்படிப் பிடிக்கிற வண்டி பன்னிரண்டு புள்ளி ஆறு தராது. தர முடியாது. என்ன தந்திரம் செய்தாலும் முடியாது. ஆனால் இரண்டு மாதமாகத் தந்திருக்கிறது.

"என்னய்யா சவரி, வண்டி எவ்வளவு தருது?"

"இன்னைக்கு எதிர்க்காத்து ஐயா" என்றார். மரத்தில் ஒரு இலை ஆடவில்லை.

திரும்பி வரும்போது சக்கரத்திலிருந்து புகை நாற்றம் வந்தது. ஆற வைக்காமல் ஓட்டக் கூடாது என்றேன். அவருடைய ஊர் பக்கத்தில்தான் இருந்தது, ஆனால் அவருக்கு அங்கே நிறுத்த இஷ்டமில்லை. இன்னும் கொஞ்ச தூரம் போய் ஒரு மரத்தடியில் நிறுத்தலாம் என்றார். நான் விடவில்லை. வண்டி வீட்டு வாசலில் நின்றதும் அவர் மனைவி சகாயமேரி முறத்தோடு வெளியே வந்தார். கேபினில் மறுபக்கம் உட்கார்ந்திருந்த என்னை அவர் கவனிக்கவில்லை.

"இந்தா வந்துட்டாகள்ல, கம்பெனிக்கு வாரி வழங்குற வள்ளலு! கேனு காலி. நல்லா மோந்து பாத்துட்டுப் போங்க. உழவுக்குன்னு வாங்கி வச்ச டீசலு. பேஞ்ச மழைக்கு நெலம் ஈரமாக் கெடந்துச்சு, இப்ப அதுவும் காஞ்சுக்கிட்டு வருது. டிராக்டரு கொட்டாயில தூங்குது, கம்பெனி வண்டி ஊர் சுத்துது!"

"ஏய், வாய மூடு" என்று சவரிமுத்து பல்லைக் கடித்தார். நான் கதவைத் திறந்து இறங்கினேன்.

வேறு யாராக இருந்தாலும் உள்ளே ஓடியிருப்பார்கள். அந்த அம்மாள் ஓடவில்லை. "நீங்கதான் மைலேஜ் ஐயாவா? நல்லதாப் போச்சு, இப்புடி உக்காருங்க" என்று நாற்காலியை எடுத்துப் போட்டார். "ஒண்ணு கேக்கணும். ஊர்ல டிரைவருமாருக வண்டில டீசலக் களவாண்டு வீட்டுக்குக் கொண்டாருவாக. எனக்கு வாச்சவுக வீட்டுல களவாண்டு வண்டில ஊத்துறாக. நீங்க படிச்சவுக, இதுக்கு என்ன பேருன்னு சொல்லுங்க."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

சவரிமுத்து வண்டியின் பின்பலகையில் சாய்ந்து நின்று பேசினார். "கடைசில வந்துட்டா கெடங்குக்குப் போகணும்னாக. என்னால மூட்டை தூக்க முடியுமா ஐயா? வண்டி பிடிக்கிதுன்னு சொன்னேன், போன்ல சரியா இருக்குன்னாக. அதான் ராத்திரி வண்டி இங்க நிக்கிறப்ப கேன்ல இருந்து கொஞ்சம் ஊத்துனேன். பங்க்ல போடுறது கொறையும்ல."

"ஊத்துனது சரி, முதலிடம் எதுக்கய்யா வந்தீர்?"

"நடுவுல வரணும்னுதான் ஊத்துனேன். எவ்வளவு ஊத்துனா நடுவுல வரும்னு தெரியல. பயத்துல கூட ஊத்திட்டேன்."

"அடுத்த மாசமாவது குறைச்சிருக்கலாமே?"

"கிரீடம் வச்சுட்டாகளே ஐயா. திடுதிப்புன்னு கொறைஞ்சா கேக்க மாட்டாகளா?"

சகாயமேரி முறத்தால் தலையில் அடித்துக்கொண்டார்.

சாயங்காலம் செக்காலைக்கு வந்து நிரப்பினேன். பத்து புள்ளி இரண்டு. மறுநாள் காலை மெக்கானிக்கை வைத்து அந்தச் சக்கரத்தைக் கழற்றினோம். ஹேண்ட்பிரேக் கேபிள் உள்ளே நுழைகிற இடத்தில் சாம்பல் நிறத்தில் கெட்டியாக ஒரு கட்டி. தினமும் ஈர டைல்ஸிலிருந்து வடிந்த சிமெண்ட் தண்ணீர், பிரேக்கை இழுத்து வைத்திருக்கிற நேரம் பார்த்து உள்ளே போய் இறுகியிருந்தது. பிரேக்கை விட்டாலும் கேபிள் முழுதாகத் திரும்பாது. சர்வீஸில் சக்கரத்தைக் கழற்றாமல் பச்சை டிக் போட்டிருக்கிறார்கள். ஊரெல்லாம் தரை போடுகிறவர்கள் நாங்கள். எங்கள் வண்டிக்குள்ளேயே ஒரு தரை போட்டு வைத்திருந்தோம்.

கட்டியை உளியால் தட்டி எடுத்து ஒரு காகிதத்தில் வைத்துக்கொண்டு பெரியவரிடம் போனேன். சின்னவரும் இருந்தார்.

"பத்து புள்ளி ரெண்டு" என்றார் பெரியவர், அட்டையைப் பிரித்தபடி. வெள்ளையிலேயே நான் ஆரம்பித்துவிட்டேன். ஈர டைல்ஸ், கேபிள், கேன், உழவு, எல்லாவற்றையும் சொன்னேன்.

முதலில் பேசியது சின்னவர், அப்பாவிடம். "அப்பச்சி, இது ஃபிராடு. மூணு மாச டேட்டாவும் வேஸ்ட். அவரை வச்சிருக்கக் கூடாது."

"யாருக்கு நட்டம் தம்பி? கம்பெனி டீசலை எடுத்தாத்தானே களவு? அவர் டீசல்ல உங்க வண்டி ஓடியிருக்கு" என்றேன்.

"அது பாயிண்ட் இல்ல சார். நம்பரை மாத்திட்டாருல்ல?"

பெரியவர் அட்டையை மூடினார். காகிதத்திலிருந்த கட்டியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். "நல்லா புடிச்சிருக்கு. இது எந்தச் சிமெண்டு?" என்றார். அத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

பிறகு தீர்ப்புச் சொன்னார். டைல்ஸ் காய்ந்த பிறகுதான் ஏற்ற வேண்டும். சவரிமுத்து ஊற்றிய டீசலை அவர் கேனிலேயே அளந்து கொடுத்துவிட வேண்டும். இந்த மாதம் அவர் வண்டியில் இருக்கட்டும். "அடுத்த மாசத்துல இருந்து பலகை சொல்ற மாதிரி" என்றார். மகன் முகம் வாடக் கூடாது பாருங்கள். நியாயத்தை முக்கால்வாசி கொடுத்துவிட்டுக் கால்வாசியைப் பிள்ளைக்கு ஒதுக்கி வைத்தார்.

பிரேக் சரியானதும் பழைய வண்டி அதன் உண்மையான மைலேஜுக்கு வந்தது, பன்னிரண்டுக்குக் கொஞ்சம் கீழே. அந்த வயதுக்கு அது அருமையான எண். ஆனால் பலகைக்கு அருமை தெரியாது. அந்த மாதம் கடைசி இடம். புது வண்டிகளைப் பழைய வண்டி ஒருநாளும் முந்தப் போவதில்லை. சின்னவர் வேறு என்னைக் கூப்பிட்டு, "ரிப்பேர் பண்ணின பிறகு மைலேஜ் குறைஞ்சிருக்கே சார், சிவப்பு அம்பு காட்டுதே?" என்றார். நான் என் கண் மருத்துவர் சொன்னபடி போன் வெளிச்சத்தை விட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.

அதற்கடுத்த மாதத்தின் கடைசி நாள், இதிலும் கடைசி இடமென்றால் சவரிமுத்து கிடங்குக்குப் போக வேண்டும். நிரப்பப் போவதற்கு முன் நான் மனக்கணக்காகப் போட்டுப் பார்த்துவிட்டேன். சையது பன்னிரண்டு புள்ளி மூன்று, கருப்பையா பன்னிரண்டு புள்ளி இரண்டு, சவரிமுத்து பதினொன்று புள்ளி ஒன்பது. அவரும் அறிந்துதான் இருந்தார். கேபினைப் பெருக்கித் துடைத்து, கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலையைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்தார். புது ஆள் வந்தால் வண்டி சுத்தமாக இருக்க வேண்டுமாம்.

கிடங்குக்குப் பின்னால் கருப்பையா என்னைத் தேடிக்கொண்டு வந்தான். பின்னால் சையது, கையில் ரப்பர் குழாயும் ஒரு கேனும்.

"ஐயா, ஒரு கணக்கு."

"என்ன கணக்கு?"

"எங்க ரெண்டு வண்டிலயும் எவ்வளவு எவ்வளவு எடுத்து அண்ணே வண்டில ஊத்துனா, மூணும் ஒண்ணு போல வரும்?"

நான் அவனைப் பார்த்தேன். மூன்று மாதம் தீர்த்தம், தீர்த்தம் என்று அந்த மனிதரை வாட்டியவன்.

"நாங்களாவே ஊத்திருவோம் ஐயா" என்றான். "ஆனா அண்ணே மாதிரி அளவு தெரியாம ஊத்தி, மறுபடி அவுகளுக்குக் கிரீடம் வச்சுட்டா என்ன பண்றது?"

அதுவரை பேசாத சையது சொன்னார்: "யாரும் கடைசி இல்லைன்னா யாரும் எறங்க வேணாம்லங்க ஐயா."

கம்பெனி டீசல் கம்பெனி வண்டியிலிருந்து கம்பெனி வண்டிக்குத்தான் போகிறது. ஒரு சொட்டு வெளியே போகவில்லை. ஆனால் என் வேலையே அந்த எண்கள் உண்மையாக இருக்கப் பார்த்துக்கொள்வதுதான். நின்ற இடத்தில் நின்று மூன்று வண்டிகளின் கிலோமீட்டரையும் கூட்டினேன், லிட்டரைக் கூட்டினேன், வகுத்தேன். இரண்டாம் தடவையும் சரிபார்த்தேன்.

"உன் வண்டியில ஒரு லிட்டர். சையது வண்டியில மூணுக்குக் கொஞ்சம் குறைவு. அளவு ஜாடியில அளந்து ஊத்துங்க, கண்ணளவா ஊத்தாதீங்க" என்றேன்.

பங்கில் நானே பக்கத்தில் நின்று மூன்று வண்டியையும் நிரப்பினேன். நுரை அடங்கும் வரை காத்திருந்தேன். பின்னாலிருந்து ஹார்ன் அடித்தார்கள். பலகையில் பன்னிரண்டு புள்ளி ஒன்று, பன்னிரண்டு புள்ளி ஒன்று, பன்னிரண்டு புள்ளி ஒன்று என்று வந்தது. மூன்று வெவ்வேறு வண்டி, மூன்று வெவ்வேறு கால், ஒரே மைலேஜ். வண்டியைப் பற்றி அரைகுறையாகத் தெரிந்தவன்கூட நம்பமாட்டான். பங்க் ரசீது மூன்றிலும் சரிபார்த்ததாக என் கையெழுத்து.

சின்னவர் போனை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்த்தார். கடைசி யார் என்று அது சொல்ல மறுத்தது.

"எப்படி சார், மூணு பேரும் ஒரே நம்பர்?"

"நீங்க சொன்னதுதான் தம்பி" என்றேன். "காம்பெடிஷன்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அதைப் பெரியவரிடம் காட்ட உள்ளே போனார். சவரிமுத்து திருப்பத்தூர் லோடுக்குச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.